விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பும்போது: குவிந்த மின்னஞ்சல்களும் உடல்நலமும்

பொங்கல் விடுமுறை, மருத்துவ விடுப்பு, நோயுற்ற உறவினரைக் கவனிப்பதற்கான விடுப்பு ஆகியவை முடிந்து பணிக்குத் திரும்புவோருக்கு நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்கள் காத்திருப்பது வழக்கம். அவற்றை ஒரே நாளில் முடிக்க முற்படும்போது உணவு, உறக்கம், மருந்து மூன்றும் தவறக்கூடும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளோருக்கு இது தீங்கு விளைவிக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு (2019), பணிச்சோர்வைத் தனி நோயாகக் கருதவில்லை. முறையாகக் கையாளப்படாத, நீடித்த பணி அழுத்தத்தின் விளைவாகவே குறிப்பிடுகிறது. எனவே, பணியைக் கையாளும் முறையை மாற்றுவதும் நலம் பேணலின் ஒரு பகுதியே.

முதலில் தேட வேண்டியவை

பல நிறுவனங்களில் குழு மருத்துவக் காப்பீடு குறித்த கடிதங்கள் அலுவலக மின்னஞ்சலுக்கே வருகின்றன. ஆகவே, மற்றவற்றைத் திறக்கும் முன் மருத்துவமனை, பரிசோதனைக் கூடம், காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றின் பெயர்களைத் தேடல் பெட்டியில் இட்டுப் பாருங்கள். கூடுதல் ஆவணம் கேட்கும் கடிதம், பரிசோதனை முடிவு, மறுபரிசோதனைத் தேதி ஆகியவை தவறினால் சிகிச்சையோ செலவுத்தொகையோ பாதிக்கப்படலாம்.

பின்பற்ற வேண்டிய முறை

1. விடுப்பில் செல்லும் முன், திரும்பும் தேதியையும் அவசரத்திற்கு அணுக வேண்டியவரையும் குறிப்பிட்டுத் தானியங்கிப் பதிலை அமைத்திடுங்கள்.
2. திரும்பிய முதல் நாளின் தொடக்க நேரத்தில் கூட்டங்களைத் தவிர்க்க மேலாளரின் ஒப்புதலைப் பெறுங்கள்.
3. ஒரே பொருள் குறித்த தொடர் கடிதங்களில் கடைசிக் கடிதத்தை முதலில் படியுங்கள். பல சிக்கல்கள் முன்பே தீர்ந்திருக்கும்.
4. எஞ்சியவற்றை இன்று, இவ்வாரம், பதில் தேவையில்லை என மூன்றாகப் பிரியுங்கள்.
5. அரை மணி நேரத்திற்கு ஒருமுறை எழுந்து சிறிது நடங்கள். 20 நிமிடங்களுக்கு ஒருமுறை சுமார் 6 மீட்டர் தொலைவிலுள்ள பொருளை 20 நொடிகள் பார்ப்பது கண்களுக்கு ஓய்வளிக்கும்.
6. மருந்து நேரத்திற்குக் கைபேசியில் நினைவூட்டல் வையுங்கள். ஒரு வேளை மருந்து தவறினால், அடுத்த வேளையில் இரு மடங்காக உட்கொள்ள வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள். இன்சுலின் செலுத்திக்கொள்வோர் உணவைத் தள்ளிப்போடக் கூடாது.

மாலையில்

இரவில் மின்னஞ்சல் பார்ப்பதை நிறுத்த ஒரு நேரத்தை வரையறுத்துக்கொள்ளுங்கள். ஊரூர் ஒல்காட் குப்பம், பெசன்ட் நகர் பகுதிகளில் வசிப்போர் கடற்கரையில் நடக்கலாம். 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின்கீழ் 8 கி.மீ. நடைபாதை 2023 நவம்பர் 4 அன்று பெசன்ட் நகரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. முழுத் தொலைவும் நடக்க இயலாதோர் தம் உடல்நிலைக்கேற்ப நடந்தால் போதும்.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

பணிக்குத் திரும்பும் முதல் வாரத்தில், நோயாளியின் மருந்து அட்டவணையை எழுதி, வீட்டிலுள்ள மற்றொருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். நோயாளி உறங்கும் நேரம் உங்களுக்கும் ஓய்வு நேரம்; அதை மின்னஞ்சலுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வேலை நேரத்தில் தளர்வு தேவைப்பட்டால், காரணத்தையும் எத்தனை நாட்களுக்கு என்பதையும் மேலாளருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

எப்போது உதவி நாட வேண்டும்?

உறக்கமின்மை, எரிச்சல், பணியை நினைத்தாலே அச்சம் ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள். மனநல ஆலோசனைக்கு 'டெலி மானஸ்' 14416 என்ற கட்டணமில்லா எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மார்பு வலி, மூச்சுத் திணறல், உடலின் ஒரு பக்கம் திடீரெனச் செயலிழத்தல் ஆகியவற்றைப் பணிக்களைப்பு எனக் கருதாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.