வேடமும் வெளிவேடமும்

நற்செய்தியில் நம் ஆண்டவர் மிகக் கடுமையாகச் சாடியவர்கள் வெளிவேடக்காரர்கள். அந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் வரும் சொல், மேடையில் நடிப்பவனைக் குறித்த சொல்லே. அப்படியிருக்க, திருச்சபையின் பள்ளிகளே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சிறுவர்களுக்கு நடிப்பைக் கற்றுத் தந்தன என்பது வியப்புக்குரிய வரலாறு.

1548-ஆம் ஆண்டு சிசிலித் தீவின் மெசினா நகரில் இயேசு சபையார் தம் கல்லூரியைத் தொடங்கினர். அதைத் தொடர்ந்து ஐரோப்பாவெங்கும் எழுந்த அவர்களுடைய பள்ளிகளில் நாடகம் பாடத்தின் துணையாக வளர்ந்தது. பேச்சுக்கலை ஆசிரியரே நாடகம் எழுதுவார். அவருடைய மாணவரே நடிப்பர். 1599-இல் வெளியான சபையின் கல்வி நெறிமுறை நாடகத்திற்கு வரம்பு வகுத்தது: நாடகம் இலத்தீனில் இருக்கவேண்டும், பக்திக்கு உகந்த பொருளைக் கொண்டிருக்கவேண்டும், அரிதாகவே அரங்கேறவேண்டும். இலத்தீன் அறியாத பெற்றோருக்காகக் கதைச் சுருக்கம் அவர்தம் தாய்மொழியில் அச்சிட்டு வழங்கப்பட்டது. நினைவாற்றலும், திருத்தமான உச்சரிப்பும், அவையஞ்சாமையும் மாணவருக்கு வாய்க்கவேண்டும் என்பதே நோக்கம்.

இப்பயிற்சி எத்துணை நுணுக்கமானது என்பதை பிரான்சிஸ்குஸ் லாங் என்னும் குருவின் நூல் காட்டுகிறது. மியூனிக் நகரில் நெடுங்காலம் நாடகங்களை நெறிப்படுத்திய அவர் மறைந்தபின், 1727-இல் அது வெளிவந்தது. இரு பாதங்களையும் ஒரே திசையில் நேராக வைத்து நிற்கலாகாது. ஒன்றினின்று மற்றொன்று விலகித் திரும்பியிருக்கவேண்டும் என்கிறார். உள்ளத்து உணர்வு முதலில் மெய்ப்பாட்டில் தோன்ற வேண்டும். சொல் அதன்பின் வரவேண்டும் என்றும் கற்பிக்கிறார். உணராத ஒன்றை உதடு மட்டும் சொல்வது நல்ல நடிப்பாகாது என்பதே இதன் உட்பொருள்.

அப்பள்ளி நாடகங்களுள் தலைசிறந்தது யாக்கோபு பிடர்மான் அடிகள் எழுதிய 'செனொடாக்சுஸ்'. 1602-இல் ஆக்ஸ்பர்க் நகரிலும் 1609-இல் மியூனிக்கிலும் அரங்கேறியது. பாரிஸ் நகரப் பேரறிஞர் ஒருவர். ஊரே அவரைப் புனிதர் எனப் போற்றுகிறது. அவருடைய நெஞ்சிலோ வீண்பெருமை குடிகொண்டிருக்கிறது. வெளிவேடமே ஒரு பாத்திரமாக மேடையேறி அவருக்குத் துணை நிற்கிறது. அவர் இறந்தபின் அடக்கச் சடங்கின்போது பிணம் எழுந்து, தான் குற்றம் சாட்டப்பட்டதையும், தீர்ப்பிடப்பட்டதையும், தண்டனை பெற்றதையும் அடுத்தடுத்து மூன்று நாள் அறிவிக்கிறது. அதைக் கண்டு நடுங்கிய புரூனோ உலகைத் துறந்து தனிமை நாடுகிறார்.

மியூனிக்கில் இந்நாடகத்தைக் கண்டவர்களுள் பதினான்கு பேர் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சியை மேற்கொண்டனர் என்றும், செனொடாக்சுஸ் வேடமிட்டவரே பின்னர் இயேசு சபையில் சேர்ந்தார் என்றும் 1666-இல் வெளியான பதிப்பின் முன்னுரை கூறுகிறது. பொய்யனாக நடித்தவர் மெய்யைத் தேடிப் புறப்பட்டார்!

இயேசு சபையாரின் பள்ளிகளில் பயின்றோருள் ஸ்பெயினின் கால்டெரோனும், பிரான்சின் கோர்னேயும் மோலியேரும் நாடகப் பேராசான்களாயினர். போலிப் பக்தனைத் தோலுரிக்கும் 'தார்த்தூஃப்' நாடகத்தை மோலியேர் 1664-இல் மேடையேற்றினார். அது பலரைச் சுட்டது. பொதுமேடையில் தடையின்றி நடைபெற 1669 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1773-இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையைக் கலைத்தபோது அப்பள்ளி அரங்குகளின் பொற்காலமும் முடிவுற்றது.

மேடையில் வேடமிடுபவன் தன்னை அரசனென்று எவரையும் நம்பவைத்து ஏமாற்றுவதில்லை. திரை விழுந்ததும் முடியைக் கழற்றி வைத்துவிடுகிறான். வெளிவேடக்காரனோ கழற்ற மறுக்கிறான். நாளடைவில் அது வேடம் என்பதையே மறந்துவிடுகிறான். வேடத்தை அணியவும் களையவும் இளமையிலேயே கற்றவனுக்குத் தன் முகம் எது என்பது விளங்கும். நம் பள்ளி விழாக்களில் யூதாசாகவோ பேதுருவாகவோ நிற்கும் சிறுவனைக் கண்டு கைதட்டும் நாம், நாம் கழற்ற மறந்த வேடம் எது என்று ஒரு நொடி எண்ணிப் பார்ப்பது நன்று.