துலிப்பும் கண்வலிக்கிழங்கும் - ஒரு மொட்டைமாடி வரலாறு

முதல்ல ஒரு சோகக் கதை. ஆசைப்பட்டு பத்து துலிப் கிழங்கு வாங்கினேன். துலிப் பூக்கணும்னா கிழங்கு 12 முதல் 16 வாரம் வரைக்கும் 9 டிகிரிக்குக் கீழ குளிர்ல கிடக்கணும். கிழங்குக்குள்ள அடுத்த வருஷத்துப் பூ குட்டியா ஏற்கனவே தயாரா இருக்கும், குளிர் பட்டாத்தான் தண்டு நீளும். நம்ம திருப்பூர்ல மார்கழி விடிகாலைல கூட அந்தக் குளிருக்கு எங்க போறது? ஃப்ரிட்ஜ்ல வெச்சேன். வெச்ச இடம் ஆப்பிளுக்குப் பக்கத்துல. பழம் விடற எத்திலீன் வாயு உள்ள இருக்கற பூவைக் கருக்கிடும்னு அப்புறமாத்தான் படிச்சேன். மொட்டைமாடித் தொட்டில இலை மட்டும் வந்துச்சு. ஒரே ஒரு மொட்டு எட்டிப் பாத்துட்டு காஞ்சு போச்சு. வீட்டம்மா ஃப்ரிட்ஜைத் தொறக்கறப்பல்லாம் சிரிச்சது தனிக்கதை :-)

அந்தத் தோல்வில துலிப்பைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சு, கடைசில வந்து நின்ன இடம் எங்க ஊர் வேலி. அதைத்தான் எழுதப் போறேன்.

துலிப்பை ஹாலந்துப் பூன்னு நினைச்சுட்டு இருக்கோம். அது மத்திய ஆசியாவுல தியான்ஷான் மலைப்பக்கம் காட்டுல கெடந்த பூ. துருக்கி சுல்தான்கள் தோட்டத்துக்கு வந்து, அங்கிருந்து 16ம் நூற்றாண்டுல ஐரோப்பாவுக்குப் போச்சு. கரோலஸ் குளூசியஸ்னு ஒரு தாவரவியல் பெரியவர் 1593ல நெதர்லாந்துல லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்துப் பொறுப்புக்கு வந்தார். அவர் நட்டது 1594ல பூத்துச்சு. கிழங்கை விக்க மாட்டேன்னுட்டார். ஆளுக விட்டாங்களா? ராத்திரில திருடிட்டுப் போயிட்டாங்க.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச துலிப் பைத்தியம். வெள்ளைல செவப்புக் கோடு ஓடற 'செம்பர் அகஸ்டஸ்' கிழங்கு ஒண்ணுக்கு ஆம்ஸ்டர்டாம்ல ஒரு நல்ல வீட்டு விலை சொன்னாங்க. கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கறப்பவே சீட்டுல எழுதி கை மாத்திட்டே இருந்தாங்க. 1637 பிப்ரவரில ஹார்லெம்ல ஏலத்துக்கு வாங்க ஆள் வரல. விலை சரிஞ்சது. நாடே திவாலாச்சுன்னு சொல்றதெல்லாம் மிகைன்னு இப்ப வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க. இதுல வேடிக்கை, அந்தக் கோடு ஒரு வைரஸ் நோய். 1928ல டோரத்தி கேலிங்கற அம்மா தான் அது ஒரு கிழங்குலருந்து இன்னொண்ணுக்குத் தொத்தற நோய்னு காட்டினாங்க. சீக்குப் பிடிச்ச கிழங்குக்கு வீட்டு விலை!

நம்ம நாட்டுல துலிப்புக்கு ஏத்த இடம் காஷ்மீர். ஸ்ரீநகர்ல தால் ஏரிக்குப் பக்கத்துல, ஜபர்வான் மலையடிவாரத்துல 2007ல தொறந்த தோட்டத்துல இப்ப பத்து லட்சத்துக்கு மேல கிழங்கு நடறாங்க. சரி, அது அவங்க குளிர். நம்ம வெயிலுக்கு என்ன இருக்கு?

இருக்குங்க. துலிப்பை விட அழகா, துலிப்பை விட பழசா, கிழங்குலருந்தே வர்ற பூ. செங்காந்தள். எங்க பக்கம் அந்தப் பேர் சொன்னா யாருக்கும் தெரியாது. கண்வலிக்கிழங்குன்னா சின்னக் குழந்தைக்கும் தெரியும். பூவை உத்துப் பாத்தா கண்ணு வலிக்கும்னு சொல்லுவாங்க. கிழங்கு ஏர் மாதிரி வளைஞ்சு இருக்கறதால கலப்பைக் கிழங்கு, கார்த்திகைல பூக்கறதால கார்த்திகைப் பூ. ஆறு இதழும் மேல் நோக்கி மடிஞ்சு, மஞ்சள்ல ஆரம்பிச்சு முழுச் செவப்பா மாறும். இலையோட நுனியே சுருண்டு பக்கத்துல இருக்கறதைப் பிடிச்சுட்டு ஏறும். தனியா பத்துக்கம்பி கிடையாது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டுல 99 பூவை வரிசையா சொல்றாரே, அதுல முதல் பூ இதுதான். அதே பட்டியல்ல 'தோன்றி'ன்னு ஒரு பூவும் வருது. அதுவும் காந்தள்தானா, வேற பூவாங்கறது அறிஞர்கள் சண்டை. நமக்கு வேணும்கறது வேற. மலையாளத்துல இந்தப் பூவுக்குப் பேரு மேந்தோன்னி. கொச்சியில டச்சுக்காரங்க ஆண்ட காலத்துல வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678லருந்து 1693 வரை 12 தொகுதியா ஆம்ஸ்டர்டாம்ல அச்சாச்சு. அதுல இந்தச் செடி 'மெந்தோனி'ங்கற பேர்லயே படத்தோட இருக்கு. அதையெல்லாம் பாத்துத்தான் 1753ல லின்னேயஸ் 'குளோரியோசா சூப்பர்பா'ன்னு பேர் வெச்சார். துலிப்புக்கு அலைஞ்ச அதே ஊருக்கு நம்ம வேலிப்பூவும் படமா போய்ச் சேந்திருக்கு!

ஆப்பிரிக்காவிலயும் இது வளரும். ஜிம்பாப்வேக்கு இதுதான் தேசியப் பூ. 1947ல அங்க போன எலிசபெத் இளவரசிக்கு இந்தப் பூ வடிவத்துல வைர ஊக்கு பரிசா குடுத்தாங்க. ஈழத்துல இது கார்த்திகைப் பூ. மாவீரர் நினைவோட சேந்த பூ. நமக்கு மாநில மலர். பாடப்புத்தகத்துல படிச்சு மார்க் வாங்கினதோட சரி.

எனக்கு இந்தப் பூ ஆத்தாவோட குரல். காங்கயம் பக்கம் கொறங்காட்டைச் சுத்தி கிளுவை வேலி இருக்கும். புரட்டாசி மழைக்கப்புறம் அந்த வேலி மேல இது ஏறி நெருப்பு மாதிரி நிக்கும். "கண்ணு, பூவைப் பாத்துக்கோ. கெழங்குக்கு மட்டும் போகாத"ன்னு சொல்லும். ஏன்னு அப்பத் தெரியல. சக்கரவள்ளிக் கிழங்குன்னு நினைச்சுத் தின்னு செத்தவங்க உண்டு. தெரிஞ்சே தின்னவங்களும் உண்டு. பொழைச்சாலும் முடியெல்லாம் கொட்டிடும். ஊர்ல அதை யாரும் சத்தமாப் பேச மாட்டாங்க.

விஷத்துக்குப் பேரு கோல்ச்சிசின். ஐரோப்பாவுல கோல்ச்சிகம்னு ஒரு கிழங்குச்செடிலருந்து 1820ல பெல்லத்தியே, காவந்துன்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க பிரிச்செடுத்தாங்க. செல் பிரியறதையே நிறுத்திடும். அளவா குடுத்தா கௌட் வாதத்துக்கு மருந்து. 2023ல அமெரிக்கால இதய நோய்க்கும் குறைஞ்ச அளவுல குடுக்க அனுமதி கிடைச்சிருக்கு. அந்தச் சரக்கு நம்ம கண்வலி விதைலயும் இருக்கறதாலதான் வேலில கெடந்த செடி வயலுக்கு வந்துச்சு.

தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம்னு மழை கம்மியான, தண்ணி நிக்காத மண்ணுதான் இதுக்கு வாகு. தண்ணி நின்னா கிழங்கு அழுகிடும். ஆடிப் பட்டத்துல 50, 60 கிராம் கிழங்கா பாத்து நடறாங்க. ஒவ்வொரு கையோட நுனிலயும் ஒரே ஒரு முளைதான். அது ஒடைஞ்சா அவ்வளவுதான். ஏற கிளுவைக் குச்சியோ கம்பிப் பந்தலோ வேணும்.

மூலனூர் பக்கம் மாமா ஒருத்தர் போட்டிருக்கார். காலைல போய்ப் பாத்தேன். பொம்பளைங்க வரிசையா நின்னு பூ பூவா மகரந்தத்தை எடுத்து சூல்முடில தொட்டு வெக்கறாங்க. சூல்தண்டு பக்கவாட்டுல மடங்கி நிக்கறதால காத்தையோ பூச்சியையோ நம்பினா காய் சரியா பிடிக்காது. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கை. தை, மாசில காய் பறிச்சு காய வெச்சு விதை எடுக்கணும்.

"ஏனுங்க மாமா, நல்ல விலைங்களா?"ன்னேன்.

"வெல நம்ம கைல இல்ல மாப்ள. ஏவாரி போன் பண்ணினாத்தான் தெரியும்."

கிலோ ஆயிரக்கணக்குல போன வருஷமும் உண்டு, பாதிக்குப் பாதி இறங்கின வருஷமும் உண்டு. போன தடவை ஏறும்னு விதையை மூட்டையா வீட்டுக்குள்ள அடுக்கி வெச்சார். ஏறல. கடன்காரன் வாசல்ல நின்னப்ப வந்த விலைக்குத் தள்ளி விட்டார். அரசாங்கம் விலை வெக்கணும்னு விவசாயிங்க பல வருஷமா கேட்டுட்டே இருக்காங்க. ஹார்லெம்ல சீட்டு வாங்கினவன் ஆசையில விளையாடினான். இங்க விலை எதனால ஏறுது, எதனால இறங்குதுன்னு நட்டவனுக்கே தெரியாது. பனியன் கம்பெனில வேலை பாக்கற எனக்கு இது புதுசில்ல. எங்க துணிக்கும் விலை கடலுக்கு அந்தப் பக்கம்தான்.

திரும்பி வர்ற வழில ஆத்தா காட்டு வேலியைப் பாத்தேன். ஒரு கொடி கூட இல்ல. சாகுபடி சூடு பிடிச்சப்ப விதைக்கிழங்குக்காக காட்டுலயும் வேலிலயும் தோண்டி எடுத்து வித்தாங்க. குளூசியஸ் தோட்டத்துல திருடினவங்க துலிப்பை நாடெல்லாம் பரப்பினாங்களாம். எங்க வேலில தோண்டினவங்க வேலியைக் காலி பண்ணிட்டாங்க. அதுல நம்ம ஆளுகளும் உண்டுன்னு மாமா ஒத்துக்கிட்டார்.

வரும்போது ரெண்டு கிழங்கு குடுத்தார். துலிப் காஞ்ச அதே தொட்டில நட்டேன். குச்சி ஊனி, பனியன் கட்டிங் வேஸ்ட்டைக் கிழிச்சுக் கட்டி விட்டேன். ஐப்பசி கடைசில பூத்துச்சு. ஃப்ரிட்ஜ் வேணாம், ஒண்ணும் வேணாம். காய் பிடிச்சா, விதையை அந்தக் கிளுவை வேலியோரம் தூவிட்டு வரணும். விதைலருந்து பூக்க சில வருஷம் ஆகும். ஆகட்டும்.

கொசுறு: வீட்டுல வெக்க ஆசைப்படறவங்க விவசாயிகிட்ட கிழங்கு கேட்டு வாங்குங்க, வேலில தோண்டாதீங்க. செடி முழுக்க விஷம். குழந்தைங்க, ஆடு மாடு எட்டாத இடமா பாத்து வைங்க. தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. ஆத்தா சொன்னதுதான்: பூவைப் பாத்துக்கோங்க, கிழங்குக்குப் போகாதீங்க.