இந்தியாவில் மோட்டார் வாகனக் காப்பீடு

மோட்டார் வாகனக் காப்பீடு என்பது, ஒரு வாகனத்தால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கும், அந்த வாகனத்துக்கே நேரும் சேதத்துக்கும் இழப்பீடு பெற வழிசெய்யும் ஒப்பந்தம் ஆகும். இதன் முதற்பகுதி மூன்றாம் தரப்புக் காப்பீடு எனப்படும். உரிமையாளர் முதல் தரப்பு, காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் தரப்பு, சாலையில் அடிபட்டவர் மூன்றாம் தரப்பு. இப்பகுதி சட்டப்படி கட்டாயமானது. மற்றது சொந்தச் சேதக் காப்பீடு. அது உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்தது. இரண்டும் சேர்ந்ததையே மக்கள் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்கின்றனர்.

காப்பீட்டைக் கட்டாயமாக்கிய சட்டங்கள் அடிபட்டவரைக் கருதி எழுந்தவை. ஆயினும் அவற்றால் உரிமையாளரின் வீடும் சேமிப்பும் சேர்த்தே காக்கப்படுகின்றன.

தோற்றம்

கார்கள் பெருகியபோது, நீதிமன்றத்தில் வென்றும் பணம் பெற முடியாத நிலை பல நாடுகளில் ஏற்பட்டது. வண்டி ஓட்டியவரிடம் பணம் இல்லையெனில் தீர்ப்பால் பயனில்லை. இதற்குத் தீர்வாகப் பிரிட்டன் 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் மூலம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் இதே ஏற்பாடு 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயத்தில் இடம்பெற்றது. எனினும் அந்த அத்தியாயம் 1946 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

வளர்ச்சி

தொடக்கத்தில் இழப்பீடு கோருவோர் உரிமையியல் நீதிமன்றத்தில் கட்டணம் செலுத்தி வழக்காட வேண்டியிருந்தது. 1956ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கெனத் தனித் தீர்ப்பாயங்களை அமைக்க வழிசெய்தது.

சரக்கு வாகனங்களைப் பொறுத்தவரை நிறுவனம் தரவேண்டிய தொகைக்குச் சட்டத்தில் வரம்பு இருந்தது. 20,000 ரூபாயாக இருந்த அவ்வரம்பு 1969 திருத்தத்தால் 50,000 ரூபாயாகவும், 1982 திருத்தத்தால் 1,50,000 ரூபாயாகவும் உயர்ந்தது. அதற்கு மேற்பட்ட தொகையை லாரி உரிமையாளரே செலுத்த நேர்ந்தது. 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம், உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இருந்த இவ்வரம்பை நீக்கியது.

இதற்கிடையே 1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையானது. 107 நிறுவனங்கள் நான்காகத் தொகுக்கப்பட்டன. அவற்றுள் யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது.

முதலாண்டுக்குப் பின் பலர் காப்பீட்டைப் புதுப்பிப்பதில்லை. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த வழக்கில், 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இக்குறையைக் கருத்திற்கொண்டது. அதன்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு 3 ஆண்டுகளுக்கும், இரு சக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டுகளுக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயமாயிற்று.

இழப்பீட்டுக் கணக்கு

2009ஆம் ஆண்டு சரளா வர்மா வழக்கின் தீர்ப்பு உயிரிழப்புக்கான கணக்கை வரையறுத்தது. எடுத்துக்காட்டாக, மாதம் 20,000 ரூபாய் ஈட்டும் 38 வயதுடைய ஒருவர் மனைவியையும் இரு குழந்தைகளையும் விட்டு இறந்ததாகக் கொள்வோம். ஆண்டு வருமானம் 2,40,000 ரூபாய். அவரது சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1,60,000 ரூபாய். அவ்வயதுக்குரிய பெருக்கெண் 15. ஆக, இழப்பீடு 24,00,000 ரூபாய். எதிர்கால வருமான உயர்வு முதலியவை இதனுடன் சேரும்.

2022 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு மூன்றாம் தரப்பு ஆண்டுப் பிரீமியம் 3,416 ரூபாய். இதைக் கட்டியவருக்காக நிறுவனம் முழுத்தொகையையும் செலுத்துகிறது. கட்டாதவரின் சொத்து ஜப்திக்கு உள்ளாகலாம். காப்பீடின்றி ஓட்டினால் முதல்முறை 2,000 ரூபாய் அபராதம் என்பது இதனோடு ஒப்பிட மிகச் சிறிது.

உரிமையாளர் கவனிக்க வேண்டியவை

பிரீமியம் கட்டியிருந்தும் பொறுப்பு உரிமையாளர் மீதே விழும் நேரங்கள் உண்டு. உரிமம் இல்லாதவரிடம் தெரிந்தே வண்டியைக் கொடுத்தால், நிறுவனம் அடிபட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். வண்டியை விற்றபின் பதிவுச் சான்றில் பெயரை மாற்றாமல் விட்டால், சான்றில் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்குத் தம் காரின் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அத்தகைய சேதத்தை ஏற்பது சொந்தச் சேதக் காப்பீடே. அதிலும், நீரில் நிற்கும் காரை இயக்க முயன்று இயந்திரம் பழுதானால், அதற்குரிய கூடுதல் பாதுகாப்பு எடுத்திராதவருக்கு இழப்பீடு மறுக்கப்படுவது வழக்கம். ஆகவே வெள்ளநீர் புகுந்த காரின் சாவியைத் திருப்பாமல், இழுத்துச் செல்லும் வண்டியை வரவழைப்பதே முறையாகும்.