திரும்பத் திரும்ப வரும் நாட்கள்

கைபேசியில் இருக்கும் நாட்காட்டியில் ஒரு நாளைக் குறித்துவிட்டு 'ஆண்டுதோறும்' என்று அழுத்தினால் போதும், அடுத்த ஆண்டும் அதே தேதியில் மணி அடிக்கும். பிறந்தநாளுக்கு இது சரி. நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகம் திருவிழாவுக்கு இதைச் செய்து பாருங்கள், ஏமாந்து போவீர்கள்.

கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டது 2023இல் மே 2, 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 13. தேதியை மட்டும் பார்த்தால் ஓர் ஒழுங்கும் தெரியாது. கிழமையைப் பாருங்கள்: மூன்றும் செவ்வாய். மறுநாள் புதன்கிழமை தேர். மூன்றுமே சித்ரா பௌர்ணமியை ஒட்டி வந்தவை. ஆக, இந்த விழாவுக்குள் சூரியனைப் பார்த்து வரும் சித்திரை மாதம், சந்திரனைப் பார்த்து வரும் பௌர்ணமி, இரண்டையும் பாராத கிழமை என்று மூன்று கணக்குகள் இருக்கின்றன. பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் 354 நாள்தான். அதனால் பௌர்ணமி ஆண்டுக்குப் பதினோரு நாள் போல முன்னே நகரும், அல்லது ஒரு மாதம் கூடிப் பத்தொன்பது நாள் போலப் பின்னே தள்ளும்.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் நாட்களை எப்படிச் சேமித்துவைப்பது? கணினிக்காரர்கள் டேட்டாபேஸ் அமைக்கும்போது கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. வழிகள் இரண்டு. வரப்போகும் தேதிகளை எல்லாம் ஒவ்வொரு வரியாக எழுதிவிடலாம். அல்லது 'ஒவ்வொரு திங்கட்கிழமையும்' என்பது போல விதியை மட்டும் ஒரே வரியில் எழுதி, தேவைப்படும்போது தேதியைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். முதல் வழி தேடுவதற்குச் சுலபம். ஆனால் முடிவில்லாத நிகழ்ச்சிக்கு எத்தனை வரி எழுதுவது? இரண்டாவது வழி சிக்கனமானது; ஆனால் ஒரு வாரம் மட்டும் கூட்டம் ரத்தானால் அதை எங்கே எழுதுவது?

கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் ஊர்ப் பக்கம் இதற்கு விடை கண்டிருந்தார்கள். வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆதாரம் சந்திரனுக்கான 248 வாக்கியங்கள். 248 நாட்களில் சந்திரன் தன் வேக மாற்றச் சுற்றை ஏறக்குறைய மிகச் சரியாக ஒன்பது முறை முடித்துவிடும். ஆகவே 248 நாட்களுக்கான நிலையை எழுத்துகளில் எண்ணை ஒளித்து வாக்கியங்களாக்கி மனப்பாடம் செய்துவைத்தால், திரும்பவும் முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கிக்கொள்ளலாம். மீதமாகும் சிறு பிழையைத் திருத்த 3,031 நாள், 12,372 நாள் என்று பெரிய சுற்றுகளும் உண்டு. 248 வரிகள் கொண்ட ஓர் அட்டவணை, அதைச் சுற்றிச்சுற்றிப் பயன்படுத்த ஒரு விதி. இதை டேட்டாபேஸ் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

புதுச்சேரியில் இதை நேரில் கண்டு வியந்தவர்கள் உண்டு. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு லெ ஜான்ட்டி என்ற பெயர் பழக்கம். 1769இல் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்து, மேகம் மறைத்ததால் காணாமல் போன வானியலாளர் அவர். அங்கே தங்கியிருந்த காலத்தில் தமிழர்களின் கணித முறையைக் கற்றுக்கொண்டு, நாடு திரும்பியபின் தம் பயண நூலில் எழுதினார். பிறகு ஜான் வாரன் 1825இல் சென்னையில் வெளியிட்ட கால சங்கலித நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைக் குறிப்பிடுகிறார். காகிதம் இல்லை, பென்சில் இல்லை. அட்டவணை முழுவதும் அவர் நினைவில் இருந்தது.

கணினி உலகம் இதற்கென ஒரு பொது முறையை வகுத்தது 1998இல். ஐகேலண்டர் என்று பெயர். 2009இல் திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதில் மூன்று செய்திகள் தனித்தனியே எழுதப்படும்: திரும்பும் விதி, விலக்கான தேதிகள், ஒரே ஒரு தடவை மட்டும் மாறிய விவரம். 2015 செப்டம்பர் முதல் வங்கிகள் விடுமுறை விடும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமையை அதில் ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த விதிக்குத் திதி தெரியாது. கூவாகத்தை அதில் ஏற்ற வேண்டுமானால் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆண்டுதோறும் தேதியைத் தனியே கொடுக்க வேண்டியதுதான்.

விலக்கு ஏன் முக்கியம் என்பதற்கு அந்தத் திருவிழாவே சாட்சி. 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் கொரோனாவால் விழா நடக்கவில்லை. அதற்காக விதியை அழித்தால் 2022இல் விழா காணாமல் போய்விடும். அந்த ஆண்டுகளின் வரிகளை மட்டும் அழித்தால், பிற்காலத்தில் பார்ப்பவருக்கு 'நடக்கவில்லை' என்பதும் 'பதியவில்லை' என்பதும் ஒன்றாகத் தெரியும். 'இந்த ஆண்டு ரத்து, காரணம் இது' என்று ஒரு வரி எழுதிவைப்பதே முறை. அலுவலகப் பதிவேட்டில் தவறான எழுத்தைச் சுரண்டி அழிக்காமல், கோடிட்டுச் சுருக்கொப்பமிடச் சொல்வதும் இதற்காகத்தான்.

விதியே மாறும்போது இன்னும் கவனம் வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. கல்வராயன் மலைக்காரர்கள் முன்பு அதற்காக விழுப்புரம் வரை போக வேண்டியிருந்தது. 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபின் கள்ளக்குறிச்சிக்கு வந்தால் போதும். கிழமை அதேதான், இடம்தான் வேறு. டேட்டாபேஸில் பழைய வரியிலேயே இடத்தைத் திருத்திவிட்டால், 2015இல் விழுப்புரத்தில் கொடுத்த மனுவும் கள்ளக்குறிச்சியில் கொடுத்ததாக ஆகிவிடும்! பழைய விதிக்கு முடிவுத் தேதி போட்டு மூடிவிட்டு, புதிய விதியைப் புதிய வரியில் தொடங்க வேண்டும். கிராம சபையும் அப்படித்தான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்ததோடு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கும் அறிவிப்பு 2022இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த இரண்டையும் தேடி, 'கூட்டம் நடத்தவில்லை' என்று ஊராட்சி மீது குறை சொல்ல முடியாது.

இதெல்லாம் வெறும் கணக்குவழக்கு அல்ல. தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் திங்கட்கிழமைக் கூட்டம் நடக்காது. அது தெரியாமல் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து மனுவோடு பஸ் ஏறி வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். விலக்கு என்ற அந்த ஒரு வரி அவரிடம் போய்ச் சேர்ந்தால்தான் நாட்காட்டி நாட்காட்டி.

இன்னொன்று, யாருடைய கணக்கு என்பதையும் எழுதிவைக்க வேண்டும். 2023 சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17. வாக்கியப்படி, திருநள்ளாறில் கொண்டாடியது டிசம்பர் 20. இரண்டும் அவரவர் முறைப்படி சரி. எந்த முறை என்று குறிக்காமல் தேதியை மட்டும் வைத்திருந்தால், ஒன்று தவறாகத்தான் தெரியும்.

பஞ்சாங்கக்காரர் செய்வதைக் கவனித்தால் முழு விடையும் கிடைக்கும். விதி அவரிடம் என்றைக்கும் இருக்கிறது. அச்சிடுவதோ ஓர் ஆண்டுக்கு மட்டும். நூறாண்டுத் தேதிகளை இன்றே எழுதிக் குவிப்பதில்லை. நல்ல நாட்காட்டிச் செயலியும் அவ்வளவே செய்ய வேண்டும்: விதியை நிரந்தரமாக வை, தேதிகளை ஓர் ஆண்டுக்கு விரித்து வை, உண்மையில் நடந்ததையும் நடக்காததையும் தனியே எழுதி வை, நடந்து முடிந்ததைத் தொடாதே.