சித்தியும் சிவப்பு மையும்



நேற்று சாப்பிடும்போது பேரன் அவன் அம்மாவைப் பார்த்து, குரலைக் கனமாக்கிக்கொண்டு, "ஏம்மா... ஏய்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் புரியவில்லை. 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்துவின் வசனமாம். அவர் 2023 செப்டம்பரில் மறைந்துவிட்டார். வசனம் இன்னும் வீடுகளில் உலவுகிறது.

"எதிர்நீச்சலா? அது 1968இல் பாலசந்தர் எடுத்த படம்டா. நாகேஷ்தான் மாடிப்படி மாது" என்றேன். இப்போது அவன் விழித்தான்.

யோசித்துப் பார்த்தால், நம் குடும்பத் தொடர்கள் பலவும் இப்படிப் பழைய படப் பெயர்களோடு வந்தவைதான். ரஜினியின் 'அண்ணாமலை' 1992. ராதிகாவின் தொடர் 2002. சிவாஜி படம் 'வாணி ராணி' 1974, தொடர் 2013. மணிரத்னத்தின் 'மௌன ராகம்' 1986. விஜய் டிவி தொடர் 2017. கதைகள் வேறு வேறு. ஆனால் தெரிந்த பெயரைக் கேட்டதும் பாட்டி பாயை விரித்து உட்கார்ந்துவிடுவாள். பேத்தி "அது என்ன படம் பாட்டி?" என்பாள். அங்கே ஒரு பேச்சு தொடங்கும்.

இவற்றில் என்னால் மறக்க முடியாதது 'சித்தி'. 1966இல் கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் இயக்கிய படத்தில் பத்மினி சித்தி. 1999 இறுதியில் சன் டிவியில் அதே பெயரில் தொடர் வந்தபோது ராதிகா சித்தி. 2001 வரை ஓடியது. தெலுங்கில் 'பின்னி' என்று ஜெமினி டிவியில் வந்தது. நம் திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் அல்லவா! கே.ஜி.கண்டிகையில் ஒரு வீட்டில் சித்தி, அடுத்த வீட்டில் பின்னி. உறவு ஒன்றுதான்.

அந்த நாட்களில் வகுப்பில் 'எனக்குப் பிடித்த உறவு' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பெண், "டிவியில் வருகிற சித்தி மாதிரிதான் எங்கள் சித்தியும்" என்று தொடங்கியிருந்தாள். நான் மேற்கொண்டு படிக்கவில்லை. "சீரியல் பார்ப்பதை விட்டுப் பாடத்தைப் படி" என்று சிவப்பு மையில் எழுதி, வகுப்பிலும் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் தலை குனிந்தாள்.

அவளுக்குத் தாய் இல்லை, வளர்த்தது அப்பாவின் இரண்டாம் மனைவி என்பது ஆண்டு முடிவில்தான் தெரிந்தது. மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்று ஊர் பேசும். 'என் சித்தி நல்லவள்' என்று சொல்ல அந்தக் குழந்தைக்குக் கிடைத்த ஒரே சான்று அந்தத் தொடர். பாரதியையும் வள்ளுவரையும் மேற்கோள் காட்டினால் மதிப்பெண் போட்ட நான், அவள் காட்டிய மேற்கோளை மட்டும் அடித்துவிட்டேன்.

பெயர் சொல்ல மாட்டேன் அம்மா. இதைப் படித்தால் உனக்கே தெரியும். அன்று நான் செய்தது தவறு. உன் சித்தி நலமா? நான் கேட்டதாகச் சொல்.

நீங்களும் இன்று வீட்டில் பெரியவர்களிடம், அவர்கள் பார்க்கும் தொடரின் பெயரில் முன்பு வந்த படம் எது என்று கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய தமிழாசிரியர்