நாணலை மணந்த கரும்பு

இராயபுரத்துப் பனியன் பொறிகளின் இரைச்சலுக்கிடையே தேநீர் பருகும் தோழர்களே, அதிலுள்ள இனிப்பின் பிறப்பை எண்ணியதுண்டா?

சாவாச் சர்க்கரை கப்பலேறி வந்த காலம். 1912இல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்னும் கரும்பை, எவரும் மதியாத நாணலோடு கலந்தனர். கலப்பால் குலம் கெடும் என்போர் கேட்கட்டும்: பிறந்த சேயாகிய கோ 205, 1918இல் பஞ்சாபின் வயல்களுக்குச் சென்றது!

விந்தை உயிரணுவுக்குள் இருந்தது. கரும்புக்கு 80 குரோமோசோம்கள்; கோவை நாணலுக்கு 64. தாயிடம் பாதி, தந்தையிடம் பாதி என்று வகுப்பில் நாம் கற்பிக்கும் கணக்குப்படி சேய்க்கு 72தானே? இருந்ததோ 112! நாணல் தன் பாதியான 32ஐத் தந்தது. தாய்க் கரும்போ 80ஐயும் முழுதாகவே தந்துவிட்டது. இவ்வியல்பைச் சாவாவில் பிரெமர் 1920களில் ஆராய்ந்து காட்டினார். தாயின் பங்கு மிகுந்ததால் இனிப்பு பெரிதும் குன்றவில்லை. நாணலின் வன்மையும் உடன் வந்தது.