கதைசொல்லி: ஒரு சொல்லின் தடம்

கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் யாரும் ‘நாட்டுப்புறக் கதை’ கேட்டு வளரவில்லை, கதைதான் கேட்டார்கள். வெள்ளாமை வீடு சேர்ந்து கரிசல் காடு வெடித்துக் கிடக்கும் கோடையில், களத்திலோ திண்ணையிலோ ஒருவர் ‘ஒரே ஒரு ஊர்ல’ என்று தொடங்குவார். கேட்பவர் ‘உம்’ கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும்.

அடைமொழிகள் எல்லாம் அச்சு கொடுத்தவை. 1880களில் பண்டித நடேச சாஸ்திரி வாய்மொழிக் கதைகளைத் தமிழில் அச்சேற்றியபோது ‘பூர்வகாலக் கதைகள்’ என்றார். பின்னர் ‘நாடோடிக் கதை’ வந்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் துறைக்கே ‘நாட்டார் வழக்காற்றியல்’ என்று பெயர். இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் (கி.ரா., 1923–2021) நூல் தலைப்புகளை வரிசையாகப் பார்த்தாலே இந்தப் பெயர் மாற்றம் தெரியும்: ‘தமிழ்நாட்டு நாடோடிக் கதைகள்’, ‘தமிழ்நாட்டுக் கிராமியக் கதைகள்’, 2007-இல் ‘நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம்’.

இவற்றில் எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. பூர்வகாலம் என்றால் நேற்று ராத்திரி சொன்ன கதையை எங்கே வைப்பது? நாடோடி என்றால் கதைக்குச் சொந்த ஊர் இல்லாமல் போகிறது. நாட்டுப்புறம் என்பதோ பட்டணத்தில் நின்று பார்ப்பவரின் சொல்.

‘கதை’ வடமொழி ‘கதா’விலிருந்து வந்தது, அதன் வேருக்குச் சொல்லுதல் என்பதே பொருள். அந்தப் பொருளை அழியாமல் வைத்திருப்பது யாழ்ப்பாணத் தமிழ். அங்கே கதைத்தல் என்றால் பேசுதல். கதைக்கு நார்வேக்காரர்கள் வைத்திருக்கும் சொல்லும் இப்படி இரவல்தான். ஆஸ்பியோர்ன்சன், யோர்கன் மோ என்ற இரு நண்பர்கள் 1841 முதல் வெளியிட்ட புகழ்பெற்ற வாய்மொழிக் கதைத் தொகுப்பின் தலைப்பில் உள்ள ‘எவென்டீர்’, லத்தீனிலிருந்து பல மொழிகளைத் தாண்டி வந்தது. ‘நேரவிருப்பது’ என்பது அதன் மூலப்பொருள். அவர்கள் கதைக்குள் நடப்பதைப் பெயராக்கினார்கள். நம் சொல்லில் வாய்தான் முதலில் வருகிறது.

அந்த இருவர் காலத்தில் நார்வேயில் எழுத்துமொழி டேனிஷ். குடியானவர்களின் பேச்சுச் சொற்களும் வாக்கிய ஓட்டமும் அவர்கள் தொகுப்பு வழியாக அச்சேறி, நார்வே எழுத்துமொழி உருவாகவே உதவின. கி.ரா. செய்ததும் இதற்கு ஈடானது. 1982-இல் கரிசல் சொற்களுக்கென்றே அகராதி கண்டவர் அவர். ஒரு விஷயத்தில் அவர் துணிச்சல் இன்னும் பெரிது. நார்வேத் தொகுப்பாளர்கள் திரட்டிய பாலியல் கதைகள் கையெழுத்துப் படியிலேயே தங்கி, 1977-இல்தான் நூலாயின. கரிசல்காட்டுப் பாலியல் கதைகளைக் கி.ரா. தம் காலத்திலேயே ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று வெளியிட்டார்.

அவர் தொடங்கிய இதழின் பெயர் ‘கதைசொல்லி’. குறிசொல்லி, கோள்சொல்லி, மரங்கொத்தி, வானம்பாடி என்று செயலில் ‘இ’ சேர்த்து ஆளையோ பறவையையோ குறிக்கும் பழைய அச்சில் வார்த்த சொல் அது. ‘நாடோடி’யும் அதே அச்சுதான். ஆனால் அது கதையை அலைய விட்டது. ‘கதைசொல்லி’ கதையைச் சொன்ன ஆளை முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தது. இன்று திறனாய்வாளர்கள் நாவலுக்குள் பேசும் குரலையும் கதைசொல்லி என்கிறார்கள். திருவண்ணாமலை பவா செல்லதுரை போல மேடையேறிக் கதை சொல்பவர்களுக்கும் அதே பெயர்தான்.